பெண்கடல் பக்கம் ஒரு வீடு

குழு: தாத்தா வீட்டுப் பிள்ளைகள்

ஏப்ரல் 19

அண்ணன், இரவு 8:14
மே 12 முதல் 15 வரை எனக்கு விடுப்பு கிடைத்துவிட்டது. இந்த முறை தள்ளிப்போட வேண்டாம், எல்லோரும் சேர்ந்து கடலுக்குப் போகிறோம். கன்னியாகுமரியில் ஒரு விடுதி பார்த்து வைத்திருக்கிறேன். படுத்தபடியே சூரிய உதயம் பார்க்கலாம்.

[4 படங்கள்]

அக்கா, இரவு 8:21
படங்கள் கண்ணைப் பறிக்கின்றன. எத்தனையாவது மாடி?

அண்ணன், இரவு 8:22
மூன்றாவது. கீழ்த்தளத்தில் இருந்தால் கடல் தெரியாதாம்.

அம்மா, இரவு 8:30
மூன்று மாடி என் முழங்காலுக்கு ஆகாது தம்பி.

அண்ணன், இரவு 8:31
லிஃப்ட் இருக்கிறது அம்மா.

நான், இரவு 8:33
பால்கனிக் கம்பிகளைப் பார் அண்ணா. இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார். குறுக்குக் கம்பிகள், ஏணி மாதிரி. மகிழ் ஒரு நிமிடத்தில் ஏறிவிடுவான்.

அக்கா, இரவு 8:40
நான் வேறொன்று யோசித்தேன். மாமல்லபுரம் பக்கம் நீச்சல் குளத்தோடு விடுதிகள் இருக்கின்றன. அங்கே கடலில் அலை அதிகம், இறங்கவே வேண்டாம். பிள்ளைகள் குளத்திலேயே விளையாடட்டும். ஆதிரை நீச்சல் வகுப்புக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது, தண்ணீரைக் கண்டால் துள்ளுகிறாள்.

அண்ணி, இரவு 8:42
கவினும் குளம் என்றுதான் கேட்கிறான். அறைக் கதவைத் திறந்தால் நேரே குளம் இருக்கிற மாதிரி ஒன்று பார்த்தேன். அனுப்பட்டுமா?

நான், இரவு 8:43
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நான், இரவு 9:05
எழுதி அழித்துவிட்டேன். ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன ஆண்டு நாங்கள் மூவரும் ஒரு கடற்கரை விடுதியில் தங்கினோம் அல்லவா, அங்கேயும் கதவைத் திறந்தால் குளம்தான். காலை ஆறு மணி, நான் குளித்துக்கொண்டிருந்தேன், அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மகிழுக்கு அப்போது இரண்டு வயது. கதவின் தாழ்ப்பாள் கைப்பிடிக்குக் கீழே, அவன் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது. குளத்தைச் சுற்றி வேலி இல்லை. செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான் ஓடிவந்து தூக்கினார். அதற்குள் இரண்டாவது படியில் இறங்கி நின்றிருக்கிறான், தண்ணீர் நெஞ்சு வரைக்கும். அழவில்லை, கத்தவில்லை. அந்தப் பெரியவர் அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்திருந்தால் எனக்கு ஒரு சத்தமும் கேட்டிருக்காது.

நான், இரவு 9:06
அதற்குப் பிறகு எந்த விடுதிப் படத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் தாழ்ப்பாளைத்தான் தேடுகிறது.

அம்மா, இரவு 9:15
என்னிடம் ஏன் சொல்லவில்லை?

நான், இரவு 9:16
உனக்குத் தூக்கம் போய்விடும் என்றுதான் அம்மா.

அக்கா, இரவு 9:18
இப்போது எனக்கே தூக்கம் போய்விட்டது. குளத்துப் பேச்சை விட்டுவிடுவோம். குழந்தையை நாளைக்கு ஒருமுறை வீடியோவில் காட்டு.

அண்ணி, இரவு 9:20
நான் பார்த்ததை அனுப்பவில்லை. கவினிடம் பேசிக்கொள்கிறேன்.

ஏப்ரல் 20

சித்தப்பா, காலை 5:41
எல்லாவற்றையும் இப்போதுதான் படித்தேன். முருகா! பிள்ளை பிழைத்தான், அது போதும்.

கன்னியாகுமரியைப் பற்றி ஒரு சொல். ஊர் அழகுதான். வள்ளுவர் சிலையும் விவேகானந்தர் பாறையும் பிள்ளைகள் ஒருநாள் பார்க்க வேண்டியவைதான். ஆனால் குளிக்கிற கடல் அல்ல அது. பாறையும் அலையுமாக இருக்கும். அதோடு ஏப்ரல், மே மாதங்களில் அந்தக் கரையில் கள்ளக்கடல் வரும். எங்கோ தென்கோடிக் கடலில் அடிக்கிற புயலின் அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்து, இங்கே காற்றே இல்லாத நாளில் திடீரென்று கரையேறும். திருடன் போல வருவதால்தான் அந்தப் பெயர். 2024 மே மாதம் கணபதிபுரம் பக்கத்துக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் போனது அப்படித்தான். வளர்ந்த பிள்ளைகளையே இழுத்த கடல்.

அண்ணன், காலை 6:20
எச்சரிக்கை வந்தால் இறங்கமாட்டோம் சித்தப்பா.

சித்தப்பா, காலை 6:34
நல்லது. ஆனால் நான்கு நாள் தங்கி, நான்கு நாளும் பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கரையிலேயே நிறுத்தி வைப்பதற்கா அத்தனை தூரம் போவது? எங்கள் இராமேசுவரம் பக்கம் வாருங்கள். இங்கே இரண்டு கடல் இருக்கிறது. தீவுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, அதை ஆண்கடல் என்போம். வடக்கே பாக் விரிகுடா, அது பெண்கடல். மே மாதத்தில் தென்மேற்குக் காற்று கிளம்பிவிட்டால் ஆண்கடல் இரைய ஆரம்பித்துவிடும். அதே நாளில் பெண்கடல் கண்மாய் போல் கிடக்கும். தீவும் மணல் திட்டுகளும் தென்கடல் அலையை மறித்துவிடுகின்றன, கடலும் ஆழம் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்தால் கதை தலைகீழ். ஆகவே மே மாதம் என்றால் வடகரைதான். உச்சிப்புளி பக்கம் அரியமான் கடற்கரை. சவுக்குத் தோப்பு நிழலும் உண்டு.

அண்ணன், காலை 6:40
அலையே இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு என்ன சுவாரசியம் சித்தப்பா?

சித்தப்பா, காலை 6:42
மூன்று வயதுப் பிள்ளைக்கு முழங்கால் தண்ணீரே சமுத்திரம்.

அம்மா, காலை 7:05
எனக்கும் அதுதான். சேலை நனைய உட்கார்ந்து எழுந்தால் போதும்.

அக்கா, காலை 7:30
நாம் தலைகீழாகத் தேடியிருக்கிறோம். அறையைப் பிடித்துவிட்டு அதற்கு எதிரே எந்தக் கடல் இருக்கிறது என்று பார்த்தோம். எந்தக் கடலில் பிள்ளைகள் இறங்கலாம் என்பதல்லவா முதல் கேள்வி.

அண்ணன், காலை 7:48
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சூரிய உதயம் ஒருநாளாவது வேண்டும்.

சித்தப்பா, காலை 7:50
ஒரு விடியற்காலை அக்னி தீர்த்தத்துக்கு அழைத்துப் போகிறேன். நேர் கிழக்கு. உன் அம்மாவுக்கும் புண்ணியம்.

ஏப்ரல் 22

நான், பிற்பகல் 2:10
நேற்றும் இன்றும் ஆறு இடங்களுக்கு ஃபோன் செய்தேன். இராமேசுவரத்தில் கோயிலை ஒட்டிய லாட்ஜ்களை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. தரிசனத்துக்கு ஓர் இரவு தங்குவதற்கு அவை வசதி. பிள்ளைகள் ஓடியாட முற்றம் கிடையாது, மே மாதக் கூட்டம் வேறு. மூன்று அறை எடுத்தால் மூன்று தளங்களில் கொடுக்கிறார்கள். அம்மா ஒரு மாடியில், பிள்ளைகள் ஒரு மாடியில்.

அக்கா, பிற்பகல் 2:25
"கடற்கரையிலிருந்து 100 மீட்டர்" என்று விளம்பரம் செய்திருந்த அந்த இடத்தைச் செயற்கைக்கோள் வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன். 100 மீட்டர் உண்மைதான், ஆனால் நடுவில் லாரி போகிற சாலை. மண்வாளியோடு ஓடுகிற பிள்ளை சாலையைப் பார்க்குமா? படத்தில் சாலையை மட்டும் அழகாக வெட்டிவிட்டிருக்கிறார்கள்.

அண்ணி, பிற்பகல் 2:31
சமையலறை இருக்கிற இடமாகப் பாருங்கள். கவினுக்கு ஓட்டல் சாப்பாடு இரண்டு வேளைக்கு மேல் ஒத்துக்கொள்ளாது. குறைந்தது பால் காய்ச்சவும் கஞ்சி வைக்கவும் ஓர் அடுப்பு வேண்டும்.

நான், பிற்பகல் 2:36
அதனால்தான் தனி வீடுகளாக விசாரித்தேன் அண்ணி. அரியமான் அருகே தோப்புக்குள் ஒரு வீடு இருக்கிறது. தரைத்தளம் மட்டும், மூன்று அறை, நாளைக்கு 5,500 ரூபாய். உரிமையாளர் நன்றாகப் பேசினார். முன்பணம் கேட்கிறார்.

அண்ணன், பிற்பகல் 2:40
அனுப்பிவிடட்டுமா? வேறு யாராவது எடுத்துவிடப் போகிறார்கள்.

சித்தப்பா, பிற்பகல் 2:41
ஒரு ரூபாய்கூட அனுப்பாதே. நாளைக் காலை நான் நேரில் போகிறேன். என்ன பார்க்க வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள்.

நான், பிற்பகல் 2:58
மகிழின் உயரத்தில் குனிந்து பாருங்கள் சித்தப்பா, அது ஒன்றுதான் என் வேண்டுகோள். தாழ்ப்பாள், மின்சார பிளக், கூரான மூலை, எல்லாம் அந்த உயரத்தில்தான் இருக்கும்.

அண்ணி, பிற்பகல் 3:02
ஜன்னலில் கொசுவலை. மின்சாரம் போனால் இன்வர்ட்டரா, ஜெனரேட்டரா. அக்னி நட்சத்திரத்தில் மின்விசிறி நின்றால் பிள்ளைகள் வேர்க்குருவில் துடித்துப்போவார்கள்.

அம்மா, பிற்பகல் 3:10
கழிப்பறை மேல்நாட்டு முறையா என்று பார்.

ஏப்ரல் 23

சித்தப்பா, காலை 9:52
[குரல் பதிவு, 1:47]

சித்தப்பா, காலை 9:53
[11 படங்கள்]

அக்கா, காலை 10:05
அலுவலகத்தில் இருக்கிறேன், கேட்க முடியவில்லை. எழுதுங்கள் சித்தப்பா.

சித்தப்பா, காலை 10:31
வீட்டிலிருந்து மணல் வரை நடந்து எண்ணினேன், 210 அடி வைத்தேன். நடுவில் சாலை இல்லை, தோப்பு மட்டும்தான். கடலில் நானே இறங்கிப் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்பது அடி உள்ளே போனேன், முழங்காலைத் தாண்டவில்லை. அடியில் மணல்தான். கடல்பாசி கொஞ்சம் கால்களில் சுற்றும், பிள்ளைகள் முதல்நாள் பயப்படலாம்.

வீட்டில் நல்லது: கொசுவலை இருக்கிறது, இன்வர்ட்டர் இருக்கிறது, கேஸ் அடுப்பு இரண்டு பர்னர். மேல்நாட்டுக் கழிப்பறை ஒன்று, நம்மூர் முறையில் ஒன்று. குளியலறைத் தரை சொரசொரப்பு, வழுக்காது.

கெட்டது: குழாயில் உப்புத் தண்ணீர். குடிக்க, சமைக்க, குழந்தைகளைக் கடைசியாக ஒரு முறை அலசிவிட எல்லாவற்றுக்கும் கேன் வாங்கவேண்டும். இரண்டாவது, கொல்லையில் ஒரு கிணறு. கைப்பிடிச் சுவர் இடுப்பளவுதான்.

நான், காலை 10:33
கிணறு என்றதும் கை நடுங்குகிறது சித்தப்பா. மூடி இருக்கிறதா?

சித்தப்பா, காலை 10:40
பாதிக்கு மேல் இரும்புக் கம்பி வலை, மீதி திறந்து கிடக்கிறது. உரிமையாளரிடம் சொன்னேன், "பிள்ளைகள் வருகிறார்கள், முழுவதும் மூடினால் முன்பணம், இல்லாவிட்டால் இல்லை" என்று. அவருக்கும் பேரன் இருக்கிறான் போலிருக்கிறது. மறுபேச்சுப் பேசவில்லை, பட்டறையில் அளவு கொடுத்துவிட்டார்.

அண்ணன், காலை 10:44
சித்தப்பா, நீங்கள் போகாமல் இருந்திருந்தால் நான் நேற்றே பணம் அனுப்பியிருப்பேன். படங்களில் கிணறே இல்லை.

ஏப்ரல் 25

சித்தப்பா, மாலை 5:15
[படம்]
கிணறு முழுவதும் மூடியாயிற்று. மேலே ஏறி நின்று பார்த்தேன், அசையவில்லை. இப்போது அனுப்பலாம்.

அண்ணன், மாலை 5:22
முன்பணம் 4,000 அனுப்பிவிட்டேன். மீதி போய்ச் சேர்ந்த பிறகு.

அக்கா, மாலை 5:30
சாமான் பேச்சு. தொப்பி, முழுக்கைப் பருத்திச் சட்டை, மண்வாளி என்னுடையது. காற்று ஊதிய மிதவையும் டயரும் யாரும் வாங்க வேண்டாம். கரையிலிருந்து காற்று அடித்தால் பிள்ளையோடு உள்ளே நகர்ந்துவிடும், நாம் நீந்திப் பிடிக்க முடியாது.

அண்ணி, மாலை 5:34
கடல் நேரம் காலை ஆறிலிருந்து எட்டரை, மாலை ஐந்துக்கு மேல். நடுப்பகலில் மணல் காலைப் பொசுக்கும். எல்லோரும் வீட்டுக்குள், சீட்டுக்கட்டு, தாயம், தூக்கம்.

நான், மாலை 5:41
இன்னொன்று. "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாருமே பார்க்கமாட்டோம். தண்ணீரில் பிள்ளைகள் இருக்கும்போது ஒருவர் மட்டும் காவல். கால் மணிக்கு ஒருமுறை மாற்றுவோம். காவல் இருப்பவர் கையில் ஃபோன் கூடாது. மாற்றும்போது வாய்விட்டு "இனி நீ" என்று சொல்ல வேண்டும்.

அண்ணன், மாலை 5:43
முதல் காவல் நான்.

சித்தப்பா, மாலை 5:58
சொறிமீன் சில நாள் ஒதுங்கும். இறங்குமுன் கரையில் வலை இழுப்பவர்களிடம் கேட்டுக்கொள்வோம், அவர்கள் சொன்னால் அது வேதவாக்கு. பட்டுவிட்டால் நல்ல தண்ணீரை ஊற்றாதீர்கள், தேய்க்காதீர்கள், எரிச்சல் கூடும். கடல் தண்ணீரால் அலசி, ஒட்டியிருக்கும் நூலை மெதுவாக எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் என்றால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, என் வண்டியும் வாசலில் நிற்கும்.

அம்மா, மாலை 6:10
மீன் கிடைக்குமா? தடைக்காலம் ஆயிற்றே.

சித்தப்பா, மாலை 6:14
ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத்தான் தடை அண்ணி. நாட்டுப்படகு போகிறது. கொஞ்சம் விலை கூட, ஆனால் துடிக்கத் துடிக்கக் கிடைக்கும். நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா, மாலை 6:20
ஆதிரை பாம்பன் பாலத்தை ரயிலில் கடக்க வேண்டும் என்கிறாள். 2025இல் திறந்த புதுப்பாலம், நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறும் என்று பள்ளியில் சொன்னார்களாம்.

சித்தப்பா, மாலை 6:24
மண்டபத்தில் ஏறி இராமேசுவரத்தில் இறங்கினால் பாலம் முழுவதும் கடந்துவிடலாம். தூக்குவது கப்பல் வரும்போதுதான், அதற்கு வாக்குக் கொடுக்காதே. தனுஷ்கோடிக்கும் போவோம், அரிச்சல்முனை வரை சாலை இருக்கிறது. 1964 புயலில் இடிந்த தேவாலயத்தைக் காட்டுகிறேன். ஆனால் அங்கே ஒரு கால்கூடத் தண்ணீரில் வைக்க விடமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

மே 10

நான், இரவு 7:30
துணி கட்டிவிட்டேன். மகிழ் மண்வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறான்.

அம்மா, இரவு 7:36
கஞ்சிமாவு வறுத்து அரைத்து இரண்டு டப்பாவில் வைத்திருக்கிறேன். ஒன்று கவினுக்கு.

சித்தப்பா, இரவு 7:52
தச்சரை அழைத்துக்கொண்டு போய்வந்தேன். வாசல் கதவுக்கும் கொல்லைக் கதவுக்கும் மேலே தாழ்ப்பாள் போட்டாயிற்று. நான் கையை உயர்த்தினால்தான் எட்டுகிறது. படம் அனுப்புகிறேன்.

[2 படங்கள்]

நான், இரவு 7:53
பார்த்தேன் சித்தப்பா.