ஃபார்மிக் அமிலத்தைக் குமரி மாவட்டத்திலேயே தயாரிக்க இயலுமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டக்காரர்களுக்கு இடுபொருள் விற்கும் கடை எங்களுடையது. ரப்பர் பாலை உறைய வைப்பதற்கென நாங்கள் விற்கும் 85 விழுக்காட்டு ஃபார்மிக் அமிலம் முழுவதும் வெளியிலிருந்தே வருகிறது. வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஆலைகளும் இதே அமிலத்தை வாங்குகின்றன. சோடியம் ஃபார்மேட்டுடன் கந்தக அமிலம் சேர்த்து இதைத் தயாரிக்கலாம் என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். தேவை கண்ணெதிரே இருக்கும்போது, சிறிய ஆலை ஒன்றை இங்கே தொடங்குவது கட்டுப்படியாகுமா?

மறுமொழி (வேதிப் பொறியாளர்):
நீங்கள் சொல்லும் பழைய முறையில் அமிலம் கிடைக்கும். கட்டுப்படியாகாது என்பதே என் கருத்து. ஒரு டன் அமிலத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் சோடியம் ஃபார்மேட் வேண்டும், அதே அளவுக்குச் சற்றுக் கூடுதலாகவே சோடியம் சல்பேட்டும் மிஞ்சும். அதைவிடக் கவலை தருவது பாதுகாப்பு. செறிந்த கந்தக அமிலம் ஃபார்மிக் அமிலத்திலிருந்து நீரைப் பறித்து அதைக் கார்பன் மோனாக்சைடாகச் சிதைத்துவிடும். நிறமும் மணமும் அற்ற அந்த நச்சு வாயு கொட்டகைக்குள் பரவினால் வேலை செய்பவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. தயவுசெய்து சிறிய அளவில்கூட இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

பெரிய ஆலைகளில் மெத்தனாலும் கார்பன் மோனாக்சைடும் சோடியம் மெத்தாக்சைடு வினையூக்கியின் துணையுடன், சுமார் 80 டிகிரி வெப்பத்திலும் 40 பார் அளவிலான அழுத்தத்திலும் வினைபுரிந்து மெத்தில் ஃபார்மேட்டாகின்றன. அதை நீரால் பிளந்தால் அமிலம் கிடைக்கிறது, மெத்தனால் மீண்டும் சுழற்சிக்குத் திரும்புகிறது. கடினமான கட்டம் இதற்குப் பிறகுதான் வருகிறது. நீரின் கொதிநிலை 100 டிகிரி, இந்த அமிலத்தின் கொதிநிலை 100.8 டிகிரி, போதாக்குறைக்கு, ஏறத்தாழ 77 விழுக்காடு அமிலம் கொண்ட கலவை 107 டிகிரியில் பிரியாமல் அப்படியே கொதிக்கிறது. எனவே அழுத்தத்தைக் கூட்டி வடிக்க வேண்டும், அல்லது வேறொரு கரைப்பானால் பிரித்தெடுக்க வேண்டும். கலன்களும் அரிப்பைத் தாங்கும் உலோகத்தால் ஆனவையாக இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடும் மெத்தனாலும் ஒரே வளாகத்தில் கிடைக்கும் இடங்களில் இத்தொழில் வேரூன்றியிருப்பது இதனால்தான்: ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபெனில் பிஏஎஸ்எஃப் என்ற வேதிப்பொருள் நிறுவனம், குஜராத்தின் பரூச்சில் ஜிஎன்எஃப்சி என்ற உர, வேதிப்பொருள் நிறுவனம்.

மறுமொழி (தோல் பதனிடும் துறையில் இருப்பவர்):
பொறியாளர் ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். தோலைப் பதனிடும் குரோம் உப்பை ஏற்றுவதற்கு முன் அதைப் பக்குவப்படுத்தவும், சாயம் ஏற்றிய பின் அது தோலில் நிலைத்து நிற்கவும் இந்த அமிலம் எங்களுக்கு இன்றியமையாதது. ஆனால் நாங்கள் விலையைப் பார்த்து வாங்குபவர்கள். சீனச் சரக்கின் விலை இறங்கினால் உள்ளூர் ஆலையால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. உலகச் சந்தையில் கால்நடைத் தீவனத்துக்கும் பெரும் பங்கு உண்டு. வளர்ச்சியைத் தூண்டுவதற்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் தடை செய்ததிலிருந்து, கிருமிகளைக் கட்டுப்படுத்தும் இதுபோன்ற அமிலங்களுக்கு அங்கே தேவை கூடியது.

மறுமொழி (ரப்பர் விவசாயி):
தம்பி, நம் பக்கத்துத் தேவையை நீங்கள் சற்று மிகையாக மதிப்பிடுகிறீர்கள். ஒரு டன் உலர்ந்த ரப்பருக்குச் சில கிலோ அமிலமே போதும். பலர் பால் உறையாமல் இருக்க அதில் அம்மோனியா சேர்த்து அப்படியே விற்கிறார்கள். மரத்திலும் சிரட்டையிலும் தானாகவே உறையும் ஒட்டுப்பாலுக்கு அமிலமே தேவையில்லை. மழைக்காலத்திலும், இலையுதிர்ந்து பால் வெட்டு நிற்கும் மாதங்களிலும் உங்கள் கேன்கள் கடையிலேயே கிடக்கும்.

எங்களுக்கு உண்மையில் வேண்டியது கலப்படமற்ற சரக்கு. ஃபார்மிக் அமிலம் பாலின் அமிலத்தன்மையைக் கூட்டி உறைய வைத்த பின், கழுவும்போதும் உலர்த்தும்போதும், உறைந்த பாலை உருளைகளில் அழுத்தி எடுக்கும் ரப்பர் ஷீட்டை விட்டு நீங்கிவிடுகிறது. ஆவியாகாத கந்தக அமிலமோ ஷீட்டிலேயே தங்கி ரப்பரைக் கெடுக்கிறது, உருளைகளையும் அரிக்கிறது. விலை மலிவு என்பதற்காக அதைக் கலந்து விற்பவர்கள் இருக்கிறார்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஆலை எண்ணத்தைக் கைவிடுகிறேன். கலப்படத்தைக் கடையிலேயே கண்டறிய முடியுமா?

மறுமொழி (வேதிப் பொறியாளர்):
முடியும். ஒரு துளி அமிலத்தை நிறையத் தூய நீரில் கலந்து, அதில் பேரியம் குளோரைடு கரைசலைச் சில துளிகள் விடுங்கள். கந்தக அமிலம் இருந்தால் வெண்ணிற வீழ்படிவு தோன்றும். தூய ஃபார்மிக் அமிலம் தெளிவாகவே இருக்கும். பேரியம் குளோரைடு கொடிய நஞ்சு என்பதால் கையுறை அணிந்துகொள்ளுங்கள், அதைப் பூட்டி வையுங்கள். அமிலக் கேன்களையும் வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் அடுக்குங்கள். செறிந்த ஃபார்மிக் அமிலம் வெப்பத்தில் மெல்லச் சிதைந்து வாயுவை வெளிவிடும்.