டீனா டர்பின் பாடிய குறும்படம் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. 1936-இல் ஹாலிவுட் ஸ்டுடியோவான எம்.ஜி.எம். எடுத்த 'எவ்ரி சண்டே' குறும்படத்தின் நல்ல பிரதி எங்கே கிடைக்கும்? பத்து நிமிடச் சொச்சம்தான். டீனா டர்பினும் ஜூடி கார்லண்டும் சேர்ந்து பாடுவார்கள், இருவருக்கும் அப்போது 14 வயது. டர்பின் ஓபரா பாணி, கார்லண்ட் ஜாஸ். இரண்டு குரலும் கடைசியில் ஒன்றாகச் சேரும் இடம் எனக்கு உயிர்.

நான் பார்த்த பிரதியில் டர்பின் மேல் ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் ஒலி கரகரத்துவிடுகிறது. அந்தக் குரலை அப்படிக் கேட்க மனசு வரவில்லை.

பிறகு அவர் யுனிவர்சல் ஸ்டுடியோவுக்குப் போய் நடித்த 'த்ரீ ஸ்மார்ட் கேர்ள்ஸ்' படமும் வேண்டும், வசன வரிகளோடு இருந்தால் ரொம்ப நல்லது. ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவின் படங்களில் பாடிய சிறுவன் பாபி பிரீனின் இசைத்தட்டுகள் வைத்திருப்பவர்களும் சொல்லுங்கள். விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.