வானம் கருக்கும் முன் இருபது நிமிடம்

இரவு விளக்கில் நீரூற்றையும் சிலையையும் படமெடுத்த கதைகளை இங்கே ஆசையாகப் படித்தேன். என் பங்குக்கு, சிங்கத் தலையும் மீன் உடலுமாக வாயிலிருந்து நீர் பாய்ச்சும் சிங்கப்பூர் மெர்லயன் சிலை.

முதல் முறை போனது இரவு ஒன்பது மணிக்கு. நன்றாக இருட்டினால்தான் விளக்கு எடுப்பாகத் தெரியும் என்று நம்பினேன். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்தால், சிங்கத்துக்கு முகமே இல்லை. கன்னங்கரேலென்ற வானத்தின் நடுவே சுண்ணாம்பு அப்பியதுபோல் ஒரு வெண்திட்டு; பிடரிச் சுருளும் செதிலும் அதில் கரைந்துபோயிருந்தன. படத்தில் கருப்பே மிகுந்திருந்ததால், வெளிச்சம் போதவில்லை என்று கணக்கிட்டு கேமரா ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்திருக்கிறது. சிலையோ வெள்ளை, அதன்மேல் விளக்கு வேறு!

மறுவாரம் 7.45 மணிக்குப் போனேன். அங்கே ஒரு பெரியவர் டிரைபாடை மடக்கிக்கொண்டிருந்தார். “இப்போதுதான் வருகிறீர்களா தம்பி? வானம் போய்விட்டதே!” என்றார்.

பிறகு அவரே பொறுமையாக விளக்கினார். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும். ஏழு மணி வாக்கில் சூரியன் மறைந்தபின், ஆழ்ந்த நீலம் இருபது நிமிடம் நின்றால் அதிகம். மெர்லயன் கிழக்கு பார்த்து நிற்கிறது. எதிரே நீர்மேல் நீண்டிருக்கும் மேடையிலிருந்து எடுத்தால் பின்னணியில் மேற்கு வானம் கிடைக்கும். பாலத்துக்கு அப்பால் கைகாட்டி, “1972-இல் இதைத் திறந்தபோது அங்கேதான் இருந்தது. 1997-இல் எஸ்பிளனேட் பாலம் வந்து முகத்தை மறைத்துவிட்டது. 2002-இல்தான் 120 மீட்டர் நகர்த்தி இங்கே வைத்தார்கள். என் அம்மாவைப் பழைய இடத்தில் நிறுத்தி எடுத்த படம் இன்னும் வைத்திருக்கிறேன்” என்றார். அந்தப் படத்தைப் பார்க்கக் கேட்டிருக்கலாம், அப்போது தோன்றவில்லை.

மூன்றாம் முறை 6.45-க்கே இடம்பிடித்தேன். கேமரா சொன்ன ஒளியளவிலிருந்து ஒரு படி, அதாவது பாதியாக, குறைத்ததும் பிடரி தெரிந்தது, செதில்களும் தெரிந்தன. நீருக்குத்தான் நிறைய முயன்றேன். ஷட்டரைப் பத்து விநாடி திறந்து வைத்தால் வெறும் புகை. அரை விநாடியில்தான் இழை இழையாகப் பிரிந்து, பாய்கிற நீராகவே நின்றது. பலர் விரும்பும் பட்டுத்துணித் தோற்றம் எனக்கு ஒப்பவில்லை, 8.6 மீட்டர் சிலையின் வாயிலிருந்து விழும் நீருக்கு வேகம் வேண்டும். காற்று திரும்பினால் லென்ஸில் திவலை படிந்து, ஒவ்வொன்றும் விளக்கொளியில் பூவாய் விரியும். மெல்லிய துணி கையிலேயே இருக்கட்டும்.

*

அண்ணா, உங்கள் மெர்லயன் கதைக்கு என் பதில்: அரை விநாடி எல்லா இடத்துக்கும் சரிப்படாது. மைசூருக்குப் பக்கத்தில் கிருஷ்ணராஜசாகர் அணையடியில், பிருந்தாவன் தோட்டத்து இசை நீரூற்றில் நான் இரண்டு விநாடி வைத்துப் பார்த்தேன். சிவப்பும் பச்சையும் நீலமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெளிறிப்போயின. ஐ.எஸ்.ஓ. எனும் ஒளியுணர்வு அளவை 1600, ஷட்டரை 1/60 விநாடி என்று மாற்றியபிறகே நிறம் நிறமாகப் பிரிந்தது. விளக்கொளிக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் வெண்சமநிலையைத் தானியங்கியில் விடாமல் ஒன்றில் நிறுத்திவைத்தேன். இல்லாவிட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறுகிறது. பாட்டு முடிந்து கூட்டம் எழுந்தபோது, நீர் தணிந்து விழும் அந்தக் கடைசிக் கணத்தில் எடுத்ததுதான் இன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.