மின்னிசை, நாடகம், வீடியோ மூண்டும் ஒரே மேடையில: படம் பிந்துது, முகத்தில விழுது, ஸ்பீக்கர் இரையுது

கருநிழல்:
கொதிக் எலெக்ட்ரோனிக் பாண்ட். பாட ஒராள், கீபோர்டுக்கு ஒராள், முகமூடியோட நடிக்க ரெண்டு பேர். பம்பலப்பிட்டியில ஒரு மண்டபத்தில 40 நிமிசக் காட்சி. இசை ஒரு லெப்டொப்பில ஏபிள்டன் லைவ் எண்ட மென்பொருளில ஓடும், படம் இன்னொண்டில ரெசொலூம் அவென்யூ எண்ட மென்பொருளில. ரெண்டையும் ஒரே நேரத்தில அமத்தித் தொடங்கிறம். 6 நிமிசப் பாட்டு முடியேக்க திரையில இருக்கிற முகத்தின்ட வாயசைவு பாட்டோட சேருதில்ல. நடிகருக்கு முன்னால கட்டின கறுப்பு வலையில படம் விழுத்தினா அதே படம் அவையின்ட முகத்திலயும் விழுது. எச்டிஎம்ஐ குத்தினா ஸ்பீக்கரில இரைச்சல். எதை முதல்ல பாக்கிறது?

கேபிள்காரன்:
இரைச்சலை முதல்ல பாருங்கோ, மலிவான வேலை. புரொஜெக்டர் மண்டபத்தின்ட பின் பிளக்கில, லெப்டொப் மேடைப் பிளக்கில. ரெண்டு எர்த்தும் எச்டிஎம்ஐ வயரால சேர்ந்து வளையம் ஆகுது, அதான் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல். இன்டர்ஃபேஸுக்கும் (லெப்டொப்பின்ட ஒலியை வெளியில எடுக்கிற பெட்டி) மிக்சருக்கும் நடுவில டிஐ பொக்ஸ் எண்ட சின்னப் பெட்டியைப் போட்டு, அதில ஒலி வயரின்ட எர்த்தைத் துண்டிக்கிற கிரவுண்ட் லிஃப்ட் சுவிச்சை அமத்துங்கோ. 13 அம்பியர் பிளக்கில எர்த்தைக் கழட்டிற வேலை மட்டும் வேண்டாம். மைக்கைப் பிடிச்சுப் பாடிறவருக்குத்தான் கரண்ட் அடிக்கும்.

படம் பிந்திறதுக்குக் காரணம், ரெண்டு மிசினுக்கும் ரெண்டு கடிகாரம். நாலு அவுட்புட் இருக்கிற இன்டர்ஃபேஸ் எடுங்கோ: 1, 2 மண்டபத்துக்கு, 3 காதுக்குக் கிளிக் (தாளம் பிடிக்கிற சத்தம்), 4 டைம்கோட் (பாட்டு எந்த இடத்தில நிக்குதெண்டு மற்ற மிசினுக்குச் சொல்லுற நேரக்குறி). செக்கனுக்கு 25 ஃப்ரேம் எல்டிசி (ஒலியா மாத்தின டைம்கோட்) ஒலிக்கோப்பைத் தனி ட்ரக்கில போட்டு மற்ற மிசினின்ட லைன் இன்னுக்கு அனுப்புங்கோ. அந்தக் கிளிப்பில வார்ப்பை (வேகத்துக்கு ஏத்தமாதிரி ஏபிள்டன் ஒலியை இழுக்கிற வசதி) நிப்பாட்ட வேணும். இழுபட்ட டைம்கோட்டை ரெசொலூம் வாசிக்காது. முதல் பாட்டை 01:00:00:00 (மணி:நிமிசம்:செக்கன்:ஃப்ரேம்) இலயும் அடுத்ததை 02:00:00:00 இலயும் தொடங்கினா வரிசையைக் கடைசி நேரத்தில மாத்தினாலும் படம் குழம்பாது. அந்த வயரில பெரிசா எழுதி ஒட்டுங்கோ. மாறி மிக்சருக்குள்ள போனா சனம் காதைப் பொத்தும்.

டைம்கோட்டை வாசிக்கிறது ரெசொலூமின்ட விலை கூடின பதிப்பான அரினாதான், அவென்யூ இல்லை. காசு இல்லையெண்டா ஏபிள்டனால மிடி நோட் (இசைக்கருவிகள், மென்பொருள்கள் ஒண்டுக்கொண்டு அனுப்பிற கட்டளை) அனுப்பிப் பல்லவி, சரணமெண்டு துண்டு துண்டாக் கிளிப்பைத் தொடக்குங்கோ. 30 செக்கனுக்கு ஒருக்காப் புதுசாத் தொடங்கினாப் பிசகு சேர வழியில்லை.

வீடியோக் கோப்பு எச்.264 வகை எண்டா, ரெசொலூமின்ட சொந்த வகையான டிஎக்ஸ்விக்கு மாத்துங்கோ. எச்.264 பக்கத்து ஃப்ரேம்களை வைச்சுத்தான் ஒரு ஃப்ரேமைக் கட்டும், நடுவில குதிக்கச் சொன்னாத் திணறும். டிஎக்ஸ்வி இடத்தைத் தின்னும், எஸ்எஸ்டி வேணும்.

திரைச்சீலை:
வலைக்கு நேர முன்னால புரொஜெக்டர் இருந்தா ஓட்டையால போற ஒளி நடிகரிலதான் விழும். உயரத்தில இருந்து சரிச்சு அடியுங்கோ. 45 பாகையில அடிச்சா, படத்தின்ட மேல் விளிம்பு எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரத்தில ஒளி தரையைத் தொட்டிடும்: 3 மீற்றர் உயரப் படத்துக்கு நடிகர் வலைக்கு 3 மீற்றர் பின்னுக்கு நிக்க வேணும். இந்தச் சரிவை புரொஜெக்டரின்ட கீஸ்டோன் (கோணலான படத்தை நேராக்கிற வசதி) தாங்காது, படத்தையே எதிர்ப்பக்கமா விரிச்சு எடுங்கோ. மேடைக்கு அவ்வளவு ஆழம் இல்லையெண்டா, நடிகர் நிக்கிற இடத்தைப் படத்தில கறுப்பா விடுறதுதான் வழி. பின்சுவருக்குக் கறுப்புத் துணி.

நடிகரைக் காட்டப் பக்கவாட்டு லைட் மட்டும். முன் லைட் பட்டா வலை சுவர் மாதிரி மறைச்சிடும். வலையைக் கெய்சர் வீதியில அகலமானதா வாங்குங்கோ, தையல் விழுந்தா அது படத்தில கோடாத் தெரியும். கீழ் மடிப்புக்குள்ள ஒரு குழாயைச் செருகினா ஏசிக் காத்துக்கு ஆடாது. மெழுகுதிரி ஆசை இந்த வகை பாண்டுகளுக்கு எப்பவும் வரும். நைலோன் வலைக்குக் கிட்ட எல்ஈடி திரிதான்.

கருநிழல்:
நன்றி. வலைப் பாட்டுகளுக்குப் புகை விடலாமோ?

திரைச்சீலை:
வேண்டாம். புகையில ஒளிக்கற்றை தெரியத் தொடங்கும், பாக்கிறவையின்ட கண் படத்தை விட்டிட்டு அதிலதான் நிக்கும், வலையில விழுற படமும் வெளுக்கும். வலை இல்லாத பாட்டுகளைக் கடைசியில வைச்சு அதுக்கு விடுங்கோ. முதலே விட்டா மூடின மண்டபத்தில லேசில கலையாது. மண்டபக்காரரிட்ட புகை உணரி இருக்கோ எண்டு கேட்டு வையுங்கோ.

கேபிள்காரன்:
எல்லாப் பாட்டுக்கும் படம் வேணுமோ எண்டும் யோசியுங்கோ. ஸ்கின்னி பப்பி 1982 இல கனடாவின்ட வான்கூவரில தொடங்கின மின்னிசை பாண்ட். அவையின்ட மேடையில படத்தோட முகமூடியும் போலி இரத்தமும் சேர்ந்தது, ஆனா கண் போனது பாடகரிலதான். நடிகர் வேலை செய்யிற பாட்டில புரொஜெக்டரை மூடுங்கோ. ரெசொலூமில வெறும் கறுப்புப் படம் ஓடினாலும் விளக்கின்ட சாம்பல் வெளிச்சம் வலையில தெரியும், லென்சுக்கு முன்னால மட்டையால ஒரு மூடி செய்து ஒராளை நிப்பாட்டினாச் சரி.