4.2 கெல்வினில் டெஃப்லான்: டான் டெல்டா அதிர்வெண்ணோடு ஏறுவது ஏன்?

குளிர்கலன் (கேள்வி)
மாதிரி 0.1 மி.மீ. டெஃப்லான் தாள். கார்டு வளையம் (விளிம்பு மின்புலத்தால் வரும் பிழையைத் தவிர்க்க, நடு மின்முனையைச் சுற்றி வைத்துத் தரையோடு இணைக்கும் வளையம்) வைத்த செம்பு மின்முனைகளுக்கு நடுவே ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்கிறது. நடு மின்முனையின் விட்டம் 30 மி.மீ. கிரையோஸ்டாட்டுக்குள் (கடுங்குளிர்க் கலனுக்குள்) இறங்குவது மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கோஆக்சியல் கேபிள்கள். அறை வெப்பநிலையில் மின்தேக்குதிறன் சுமார் 130 பிகோஃபாரட். திரவ ஹீலியத்தில் மூழ்கியதும் சில சதவீதம் ஏறிவிட்டது. டான் டெல்டா (மின்தேக்கியில் வீணாகும் ஆற்றலைக் காட்டும் இழப்பு எண்) 1 கிலோஹெர்ட்ஸில் 0.00002, 10 கிலோஹெர்ட்ஸில் 0.0002. இதில் எது பொருளின் குணம், எது அமைப்பின் பிழை?

பாலம்50
அதிர்வெண் பத்து மடங்கானதும் இழப்பும் அச்சு அசலாகப் பத்து மடங்கு என்றால் முதல் சந்தேகம் தொடர் தடைதான், அதாவது மாதிரியோடு தொடராக வரும் கேபிளின் தடை. கோண அதிர்வெண், தடை, மின்தேக்குதிறன் மூன்றையும் பெருக்கிப் பாருங்கள்: 24 ஓம் இருந்தால் 0.0002 வந்துவிடும். மெல்லிய ஸ்டீல் உள்கம்பிக்கு அது சாதாரணம்.

மாதிரியை எடுத்துவிட்டு மின்முனைகளைக் குறுக்கிணைத்து, அதே ஹீலியத்தில் தடையை அளந்து அதைக் கழியுங்கள். அறை வெப்பநிலையில் அளந்த தடை உதவாது. ஸ்டீலின் தடை குளிரில் குறையும். நான்கு கேபிள் இறக்க இடமிருந்தால் இந்தக் கழித்தலே வேண்டாம்: மின்னோட்டக் கம்பியும் மின்னழுத்தக் கம்பியும் மின்முனையின் அருகில்தான் சேர வேண்டும்.

கார்டுவளையம்
மேலே சொன்னது பாதிதான். கார்டிலிருந்து தரைக்குப் போகும் வழியிலும் தடை இருக்கும். அது நேர்மாறாக வேலை செய்து, எதிர்க்குறி இழப்பைக் காட்டும். இரு மின்முனைப் பக்கமும் கார்டுக்கு 200 பிகோஃபாரட், கார்டு வழியில் 10 ஓம் என்று வைத்தால், 10 கிலோஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட மைனஸ் 0.0002. இதுவும் அதிர்வெண்ணோடு ஏறுவதால் இரண்டும் ஒன்றையொன்று மறைத்துவிடும். சுழி இழப்பு வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். கார்டுக்குத் தனியாகத் தடித்த செம்புப் பின்னல் இறக்குங்கள். வெப்பம் கொஞ்சம் கசியும், பரவாயில்லை.

சுருக்கக்கணக்கு
மின்தேக்குதிறன் ஏறியதைப் பற்றி: 4 கெல்வினுக்கு இறங்கும்போது டெஃப்லான் நீளத்தில் சுமார் 2.1 சதவீதம் சுருங்கும், செம்பு 0.32 சதவீதம்தான். அழுத்தி வைத்த மின்முனையில் பரப்பைத் தீர்மானிப்பது செம்பு, இடைவெளியைத் தீர்மானிப்பது தாள். ஆகவே வடிவ மாற்றத்தாலேயே 1.5 சதவீதம் அளவுக்கு ஏறும். அடர்த்தி கூடுவதால் மின்கடவா மாறிலியும் (பொருள் மின்தேக்குதிறனை எத்தனை மடங்காக்குகிறது என்ற எண்) உண்மையாகவே ஏறும். எதிர்ப்பக்கம், தாளுக்கும் செம்புக்கும் இடையே 1 மைக்ரான் இடுக்கு இருந்தால் 2 சதவீதம் குறையும். திரவ ஹீலியத்தின் மாறிலி வெறும் 1.05 என்பதால் அது இடுக்கை ஈடுகட்டாது. திரவ நைட்ரஜனுக்கு 1.43, அதில் மூழ்கடித்து எடுத்த எண்ணை இதனோடு நேரடியாக ஒப்பிட முடியாது.

இன்னொன்று, 20 டிகிரி செல்சியஸை ஒப்பீட்டுப் புள்ளியாக வைக்காதீர்கள். 19 டிகிரியில் டெஃப்லானின் படிக அமைப்பு மாறி, கன அளவு சுமார் ஒரு சதவீதம் நகர்கிறது.

குளிர்கலன்
தாளிலேயே தங்கம் படியவைத்தால் இடுக்குத் தொல்லை தீருமா?

சுருக்கக்கணக்கு
இடுக்கு தீரும், கணக்கு தலைகீழாகும். பரப்பும் தாளோடு சுருங்குவதால் வடிவ மாற்றம் மட்டும் மின்தேக்குதிறனை 2 சதவீதம் குறைக்கும். டெஃப்லானில் உலோகம் ஒழுங்காக ஒட்டாது. பரப்பைப் பிளாஸ்மாவில் பதப்படுத்தாவிட்டால் முதல் குளிர்விப்பிலேயே உரிந்துவிடும்.