புதுப்பிப்பு: தங்கையின் வயிற்றுப் பிடிப்புக்குக் காரணம் தெரிந்துவிட்டது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: தங்கைக்குக் காலையில் காபி குடித்த கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பி, முறுக்கிப் பிடிக்கிறது, என்ன செய்யலாம் என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

டாக்டரிடம் காட்டினோம். சிக்கல் காபியில் இல்லை, பாலில். பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் சிறுகுடலில் லாக்டேஸ் நொதி உடைக்க வேண்டும். அது போதாவிட்டால் சர்க்கரை அப்படியே பெருங்குடலுக்குப் போய்விடும். அங்கே பாக்டீரியா அதைப் புளிக்க வைப்பதால் வாயு உண்டாகிறது. தண்ணீரும் குடலுக்குள் இழுக்கப்படுகிறது. உப்பசம், பிடிப்பு, சில நேரம் பேதி எல்லாம் இதனால்தான். சின்ன வயதில் பால் ஒத்துக்கொண்டவர்களுக்கும் வளர்ந்தபின் இது வரலாம். லாக்டேஸ் குறைவது பலருக்கு இயல்பானதே.

இப்போது கடுங்காப்பிதான். தயிரும் மோரும் ஒத்துக்கொள்கின்றன, உறையும்போதே லாக்டோஸில் ஒரு பகுதி உடைந்துவிடுவதால். மோர் இல்லாமல் சாப்பாடே இறங்காத வீடு எங்களுடையது, அம்மாவுக்குப் பெரிய நிம்மதி.

வலிக்கும்போது வெந்நீர்ப் பை ஒத்தடம் நன்றாகவே கேட்டது. ஓமத் தண்ணீரும் இதமாக இருந்தது என்கிறாள். இபுபுரூஃபன் போடச் சொன்ன நண்பருக்கு: அது இரைப்பையைப் புண்ணாக்கக்கூடும், வயிற்று வலிக்கு வேண்டாம்.

அப்புறம் ஒன்று. வலி தொப்புளருகே தொடங்கி வலது அடிவயிற்றுக்கு நகர்ந்தால் குடல்வால் அழற்சியாக இருக்கலாம். அதற்கும், கறுப்பு மலம், விடாத வாந்தி, வலியோடு காய்ச்சல் இவற்றுக்கும் கஷாயம் குடித்துக் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.