ஒட்டோரைனோலரிங்காலஜிஸ்ட்: அசை பிரிப்பதில் ஓர் ஐயம்

குழுவினருக்கு வணக்கம். காது, மூக்கு, தொண்டை மருத்துவரைக் குறிக்கும் ‘ஒட்டோரைனோலரிங்காலஜிஸ்ட்’ என்ற ஆங்கிலப் பெயரைச் செவிலியர் பயிற்சி மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கு உங்கள் உதவியை நாடுகிறேன். கிரேக்க வேர்களின்படி காதுக்கு ஓட்டோ, மூக்குக்கு ரைனோ, குரல்வளைக்கு லரிங்கோ என்று பொருள் பிரிவது எளிதாகவே இருக்கிறது. ஒலி பிரிவதில்தான் சிக்கல்.

நான் ஓ-டோ-ரை-னோ-ல-ரிங்-கா-ல-ஜிஸ்ட் என 9 அசைகளாகப் பிரித்து, பயாலஜி, ஜியாலஜி ஆகியவற்றில் ‘லஜி’க்கு முந்தைய அசையில் அழுத்தம் விழுவதைப் போலவே இங்கும் ‘கா’வில் முதன்மை அழுத்தம் வைக்கிறேன். ஆனால் வரி முடிவில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்று அகராதியில் அச்சுக்காகக் காட்டும் பிரிப்பு, ரகரத்தை முந்தைய அசையோடு சேர்த்து ‘லர்-இங்’ என நிறுத்துகிறது. தமிழ் யாப்பில் ‘லரிங்’ ஒரே நிரையசை (இரு குறில் இணைந்த அசை) ஆகிவிடும் என்பதால், நம் காது மேலும் குழம்புகிறது!

பேசும்போது ரகரம் எந்த அசையைச் சேரும்? முன்பகுதியில் துணை அழுத்தங்கள் ‘ஓ’, ‘ரை’, ‘ல’ மூன்றிலும் விழுமா, அல்லது வேகமாகச் சொல்லும்போது ஏதேனும் ஒன்று மங்குமா? மேலும், லாரின்ஜைட்டிஸ் (குரல்வளை அழற்சி) என்பதில் ஜகரமாக ஒலிக்கும் அதே ஆங்கில எழுத்து (g) இங்கு ககரமாவது, அடுத்து வரும் உயிரெழுத்து மாறுவதால்தான் என்று விளக்கியிருக்கிறேன், அது போதுமா? ஒலியியல் பயின்றவர்கள் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவளாவேன்.